தென்வானத்தின் பெருஞ்சுருள்

தை பிறந்து சில நாட்கள் ஆனதும், இரவு 8 மணி அளவில், திருவொற்றியூர்க் கடற்கரையில் நேர் தெற்கு நோக்கி நிற்பவரின் பார்வையில் முதலில் படுபவை துறைமுகத்தின் கிரேன்களும், கப்பல்களின் விளக்குகளும், அவற்றுக்கு மேலே நகரம் முழுவதும் சேர்ந்து ஆகாயத்தில் பூசி வைத்திருக்கும் மஞ்சள் ஒளியுமே ஆகும். அங்கிருந்து பார்வையை உயர்த்தி, அடிவானத்திலிருந்து உச்சிவானம் வரையுள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிறுத்தினால், அவ்விடத்தில் சொல்லத்தக்க நட்சத்திரம் ஒன்றும் தெரியாது. இடப்புறத்தில் உயரே திருவாதிரை செந்நிறமாக ஒளிரும். தென்கிழக்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம் எழுந்து நிற்கும். அவை இரண்டுக்கும் மேற்கே, வெறுமையாகத் தோன்றும் அந்தப் பகுதிக்கு, 18-ஆம் நூற்றாண்டில் தென்வானத்தை அளந்த லக்காய் என்னும் பிரெஞ்சு வான சாஸ்திரி, ரசாயனக் கூடத்து உலையின் பெயரைச் சூட்டினார். பிரபஞ்சத்தில் நாம் இதுவரை அறிந்துள்ள நட்சத்திர மண்டலங்களுள் மிக்க எழில் வாய்ந்ததென்று வான சாஸ்திரிகள் பலரும் போற்றுகிற ஒரு மண்டலம், அந்த உலைக்குள்தான் இருக்கிறது. பட்டியலில் அதன் பெயர் என்.ஜி.சி. 1365, அன்போடு அழைப்பவர்கள் அதைப் 'பெரும் பட்டைச் சுருள்' என்பார்கள்.

அது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. வானத்தில் அது அடைத்துக்கொண்டிருக்கும் நீளம் முழுநிலவின் குறுக்களவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்றாலும், அதன் ஒளி முழுவதையும் சேர்த்தாலும், மாசற்ற இருட்டில் நாம் காணக்கூடிய மிக மங்கிய நட்சத்திரத்தைவிடப் பல மடங்கு மங்கலாகவே அது நம்மை வந்தடைகிறது. அதன் தூரம் ஐந்தரைக் கோடியிலிருந்து 6 கோடி ஒளி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஓர் ஒளி ஆண்டு என்பது சுமார் 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர். இத்தகைய எண்களை வாய்விட்டுப் படித்தாலும் மனம் அவற்றைப் பற்றிக்கொள்வதில்லை. ஆகவே காலத்தைக் கொண்டு சொல்வதே உசிதம். இன்றிரவு ஒரு தொலைநோக்கியின் ஆடியில் விழுகின்ற அந்த மண்டலத்து ஒளி புறப்பட்ட காலத்தில், இந்திய நிலப்பகுதி சமுத்திரத்தின் நடுவே ஒரு தனித் தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இமயமலை இன்னும் எழவில்லை.

அதன் உருவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சுருள் மண்டலம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது, வட்டமான ஒரு நடுப்பகுதியிலிருந்து கரங்கள் புறப்பட்டுச் சுற்றிக்கொண்டு போகும் சித்திரமே. என்.ஜி.சி. 1365-இல் அப்படியன்று. மையத்தின் வழியாக இரு பக்கமும் நேராக நீண்டு செல்லும் ஒரு பட்டை, கோடிக்கணக்கான மூத்த நட்சத்திரங்களால் ஆனது, பொன்னிறமாகக் குறுக்கே கிடக்கிறது. அந்தப் பட்டையின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு பெருங்கரங்கள் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கிப் புறப்பட்டு, நீல ஒளியோடும், இடையிடையே நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களைக் காட்டும் செந்நிறத் திட்டுகளோடும், பரந்த வெளியில் வளைந்து செல்கின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதன் அகலம் சுமார் 2 லட்சம் ஒளி ஆண்டுகள். நாம் வாழும் பால்வெளியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. உலை என்னும் அந்த நட்சத்திரக் குழுவின் திசையில் ஈர்ப்பினால் பிணைந்து கிடக்கும் ஒரு பெரிய மண்டலக் கூட்டத்தில் இதுவும் ஓர் உறுப்பு. நொடிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இது நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது.

இதை முதன்முதலில் கண்டு குறித்தவர் ஜேம்ஸ் டன்லப் என்பவர். ஸ்காட்லாந்தின் டால்ரி என்னும் ஊரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்து, இளமையில் நூல் ஆலையில் வேலை செய்து, தம் கையாலேயே தொலைநோக்கிகள் செய்யக் கற்றுக்கொண்ட அவர், ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் கவர்னர் பிரிஸ்பேன் அமைத்த வானாராய்ச்சிக் கூடத்துக்கு உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார். பாரமட்டாவிலேயே 1826-இல், தென்வானத்து மங்கல் திட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்துவந்தபோது, இதையும் கண்டார். திருவொற்றியூரில் காலடிப்பேட்டையின் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் எமக்கு அவர் நினைவு வருவதுண்டு. ஏனெனில் அந்தப் பேட்டையும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னர் காலட் என்பவரால் நெசவாளர்களுக்கென்றே குடியமர்த்தப்பட்டது. தறியின் அருகே பிறந்த ஒருவர் ஆகாயத்தின் இந்தப் பேரெழிலை உலகத்துக்கு முதலில் அறிவித்தார் என்பதை, நெசவாளர்களும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்கிற இப்பகுதியின் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்ல வேண்டும் என்பது எம் ஆசை.

சொல்வதற்கு இன்னும் உறுதியான உறவும் உண்டு. மதராஸில் வான சாஸ்திரம் வேரூன்றியது இந்தக் கடற்கரையின் பொருட்டே. துறைமுகம் என்று ஒன்று கட்டப்படாத அக்காலத்தில், கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நின்றுவிட, சரக்குகளும் மனிதர்களும் மசூலாப் படகுகளில் பேரலைகளைக் கடந்து வந்தார்கள். சோழமண்டலக் கரையில் கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்து அழிந்துபோவதைத் தடுக்கவேண்டுமானால், கரையின் அட்சரேகை தீர்க்கரேகைகளைத் துல்லியமாக நிர்ணயித்தாக வேண்டும். அதற்கு நட்சத்திரங்களை அளந்தாக வேண்டும். இந்தத் தேவையினின்றும் பிறந்ததே, மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாராய்ச்சிக் கூடம். பத்து டன் எடையுள்ள அதன் கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட பல மொழிகளில் பொறித்த எழுத்துக்களோடு, இன்றும் அவ்விடத்தில் இருக்கிறது. அக்கூடத்தின் வான சாஸ்திரி கோல்டிங்ஹாம் 1802-இல் மதராஸின் தீர்க்கரேகையைக் கணித்துக் கொடுத்தார். அதன்மேல் நின்ற மதராஸ் நேரமே பின்னாளில் இந்திய ரயில்களுக்கெல்லாம் பொது நேரமாயிற்று. 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து வண்டிகள் புறப்பட்ட நேரம், கடைசிக் கணக்கில், நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரங்கள் உச்சி கடந்த நேரமே.

அக்கூடத்தில் பின்னாளைய வான சாஸ்திரி டெய்லர் தொகுத்த பட்டியல் 11,000 நட்சத்திரங்களைக் கொண்டது. அங்கே முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-இல், தென்வானத்தில் மிகத் தாழ்வாகத் தோன்றும் வலை என்னும் நட்சத்திரக் குழுவில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மதராஸிலிருந்து பார்க்கையில் அது உச்சத்தில் இருக்கும்போதும் அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்ல இருந்தபோது, அதைச் சாமானிய ஜனங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று இந்திய மொழிகளில் சிறு நூல் எழுதி வெளியிட்ட பெருந்தகை அவர். தெற்கு வானத்தின் அடிவிளிம்பு வரை கூர்ந்து பார்த்தறிவது மதராஸுக்குப் புதிதன்று.

இனி, அந்தக் குறுக்குப் பட்டை எதற்காக என்ற கேள்விக்கு வருவோம். 1926-இல் மண்டலங்களை வகைப்படுத்திய எட்வின் ஹப்பிள், பட்டையுள்ள சுருள்களைத் தனி இனமாகப் பிரித்து வைத்தார். இன்றோ, அகச்சிவப்பு ஒளியிலும் ஆராய்ந்த பின், சுருள் மண்டலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை உண்டு என்று தெரிந்திருக்கிறது. ஆகவே இது அபூர்வமான அலங்காரமன்று. மண்டலத்தின் வாழ்க்கையில் காரியம் ஆற்றுகிற ஓர் உறுப்பு.

முதலில் ஓர் எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். சுருளின் கரங்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போல உறுதியான பொருள்களல்ல. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாயிலை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்பதை இப்பகுதி மக்கள் அறிவார்கள். காலையில் அவ்வரிசையில் இருந்த லாரி மாலையில் இராது, வேறு லாரி அங்கே நிற்கும், ஆனால் வரிசை மட்டும் அப்படியே இருக்கும். மண்டலத்தின் கரமும் அத்தகையது. நட்சத்திரங்களும் வாயுவும் அதனுள் வந்து நெருங்கி, தயங்கி, பின்பு கடந்து செல்கின்றன. நெருக்கம் மட்டுமே நிலைத்திருக்கிறது. அந்த நெருக்கத்தில் வாயு அமுக்குண்டு புதிய நட்சத்திரங்கள் பிறப்பதாலேயே கரங்கள் அத்தனை ஒளியோடு விளங்குகின்றன. பட்டையின் செய்தி சற்று வேறு. அதில் உள்ள நட்சத்திரங்கள் வட்டப் பாதையை விட்டு, மையத்தைச் சுற்றி நீண்ட, ஒடுங்கிய பாதைகளில் சஞ்சரிக்கின்றன. அப்பாதைகள் ஒரே திசையில் இசைந்து அமைவதால் பட்டை உருவாகிறது. பட்டை முழுவதுமாகச் சேர்ந்து சுழலவும் செய்கிறது. ஒரு முழுச் சுழற்சிக்கு ஏறக்குறைய 35 கோடி ஆண்டுகள் ஆகும் என்பது ஒரு மதிப்பீடு.

நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அவற்றுக்கிடையே வெளி மிகுதி. வாயு அப்படியன்று. சுழலும் பட்டையின் ஈர்ப்பில் அகப்பட்ட வாயு, எதிர்வரும் வாயுவோடு மோதி, அதிர்ச்சி அலைகளை எழுப்பி, தன் சுழற்சியின் உந்தத்தை இழக்கிறது. உந்தம் இழந்த வாயுவுக்கு மையத்தை நோக்கி இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. என்.ஜி.சி. 1365-இன் படங்களில் பட்டையின் நீளத்துக்கு ஓடும் கரிய தூசிக்கோடுகளைக் காணலாம். அவையே அந்த வாயு உள்ளே இறங்கும் வழித்தடங்கள். இறங்கிய வாயு மையத்துக்கு அருகில் ஒரு வளையமாகத் தேங்கி, அங்கே பெருவேகத்தில் நட்சத்திரங்களாகிறது. தூசியின் திரைக்குள் மறைந்திருந்த அந்த வளையத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தன் அகச்சிவப்புக் கண்ணால் ஊடுருவிப் பார்த்து, 2023-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவுகள் வியப்பூட்டுபவை: ஒவ்வொன்றும் 10 லட்சம் சூரியன்களுக்கு மேல் எடையுள்ளவையும், பிறந்து ஒரு கோடி ஆண்டுகூட நிறையாதவையுமான நட்சத்திரக் கொத்துகள் ஏறத்தாழ முப்பது, அந்தச் சிறிய இடத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன.

அந்த வளையத்துக்கும் உள்ளே, மண்டலத்தின் நடுமையத்தில், சுமார் 20 லட்சம் சூரியன்களின் எடை கொண்ட ஒரு கருந்துளை இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லப் புகும்போதுதான் மதராஸ் மறுபடியும் கதைக்குள் வருகிறது.

1930-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி நாளில், மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற 19 வயது இளைஞர் ஒருவர் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அந்தக் கடல் யாத்திரையின்போது அவர் போட்ட கணக்கு, எரிந்து அடங்கிய நட்சத்திரமான வெண்குறுமீன் ஒன்று தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டிற்று. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பதே அவ்வெல்லை. சுப்ரமணியன் சந்திரசேகரின் இம்முடிவை வான சாஸ்திரி எடிங்டன் போன்ற பெரியவர்களே ஏற்க மறுத்தார்கள். 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இவ்வெல்லை என்.ஜி.சி. 1365-இல் கண்கூடாக விளங்கிய நாளும் ஒன்று உண்டு. 2012 அக்டோபர் இறுதியில் அந்த மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்து, மண்டலத்தின் ஊடே ஒரு புதிய ஒளிப்புள்ளியாக எழுந்தது. துணை நட்சத்திரத்திலிருந்து பொருளை ஈர்த்துச் சந்திரசேகரின் எல்லையை அணுகும் வெண்குறுமீன் வெடிப்பதால் உண்டாவதாகக் கருதப்படும் இனத்தைச் சேர்ந்த மீவிண்மீன் அது. இவ்வினத்து வெடிப்புகள் ஏறத்தாழ ஒரே அளவான பிரகாசம் உடையவை ஆதலால், தோன்றும் ஒளியைக் கொண்டு தூரத்தை அறிய உதவுகின்றன. ஆனால் அந்த அளவுகோலைச் சரிபார்க்க, வேறொரு வழியில் தூரம் தெரிந்த மண்டலம் வேண்டும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1990-களில் இம்மண்டலத்திலேயே செபீட் என்னும் இனத்தைச் சேர்ந்த, ஒளி மாறும் நட்சத்திரங்கள் ஏறத்தாழ ஐம்பதின் ஒளிமாற்றத்தை அளந்து அதன் தூரத்தை நிர்ணயித்து வைத்திருந்தது. இரண்டு அளவுகோல்களும் ஒரே இடத்தில் சந்தித்ததால், பிரபஞ்சத்தின் விரிவை அளக்கும் ஏணியில் இந்த மண்டலம் ஒரு படியாகியிருக்கிறது. 1957, 1983, 2001 ஆகிய ஆண்டுகளிலும் இங்கே மீவிண்மீன்கள் தோன்றியதுண்டு.

கருந்துளைக்கு வருவோம். 1999 ஜூலை 23 அன்று விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று சந்திரசேகரின் பெயரையே சூட்டினார்கள். 2006 ஏப்ரலில் குய்டோ ரிசாலிட்டியும் அவருடைய சகாக்களும் அந்தச் சந்திராவை என்.ஜி.சி. 1365-இன் மையத்தின் மேல் திருப்பி, இரு வாரங்களுக்குள் ஆறு முறை பார்த்தார்கள். ஐந்து முறை, கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயுத் தட்டிலிருந்து வரும் கடும் எக்ஸ் கதிர்கள் தெரிந்தன. இரண்டாம் முறை மட்டும் அவை மறைந்துபோயிருந்தன. அடர்ந்த வாயு மேகம் ஒன்று தட்டுக்கு முன்னே கடந்து, கிரகணம் பிடித்ததைப் போல அதை மறைத்திருந்தது. கிரகணம் நீடித்த காலத்தையும் மேகத்தின் வேகத்தையும் கொண்டு அந்தத் தட்டின் அகலத்தைக் கணக்கிட்டபோது, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சுமார் ஏழு மடங்கே அது என்று வந்தது. 6 கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கும் அத்தனை சிறிய பொருளை எந்தத் தொலைநோக்கியாலும் உருவமாகப் பிரித்துக் காண இயலாது. காண இயலாததை ஒரு நிழல் கடந்துபோன கால அளவினால் அளந்த இந்த யுக்தியை, மனித புத்தியின் மிக உயர்ந்த செயல்களுள் ஒன்றாகவே நாம் மதிக்கிறோம். கிரகணங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கணித்துவந்த பஞ்சாங்கக்காரர்களின் நாட்டில், இதைச் சொன்னவுடன் அதன் நயம் எவருக்கும் புரியும்.

பின்னர் 2013-இல், நூஸ்டார், எக்ஸ்.எம்.எம். நியூட்டன் என்னும் இரண்டு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளின் அளவீடுகளைச் சேர்த்து ஆராய்ந்து, இந்தக் கருந்துளை ஐன்ஸ்டீனின் கொள்கை அனுமதிக்கும் உச்ச வேகத்தில் 84 சதவிகிதத்துக்குக் குறையாமல் சுழல்கிறது என்று ரிசாலிட்டி குழுவினரே அறிவித்தார்கள். தாறுமாறாகப் பல திசைகளிலிருந்தும் பொருள் வந்து விழுந்திருந்தால் இத்தனை சுழற்சி சேர்ந்திராது. நெடுங்காலமாக ஒழுங்கான ஒரே திசையில் பொருள் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் குறிப்பு.

எண்ணூர்க் கரையில் நிற்பவர்கள் வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் எழுந்து செல்லும் புகைத்தடத்தைக் கண்டிருப்பார்கள். 2015 செப்டம்பர் 28 காலையில் அங்கிருந்து எழுந்த ராக்கெட் 'அஸ்ட்ரோசாட்' என்னும் இந்திய வானாராய்ச்சிச் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது; அதன் புறஊதாத் தொலைநோக்கியும் இந்தப் பெருஞ்சுருளை நோக்கி, மையத்தின் ஒளியில் கருந்துளையின் பங்கு எவ்வளவு, இளம் நட்சத்திரங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியத் துணை செய்திருக்கிறது. தரையிலிருந்து பார்க்க விரும்புவோர்க்கு ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. தென்வானம் நன்கு தெரியும்படி பூமத்திய ரேகைக்கு அருகில் இடம் தேடி வான சாஸ்திரி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த அவ்விடத்தில், 2.34 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது.

ஆனால் திருவொற்றியூரிலிருந்தும் இராயபுரத்திலிருந்தும் இந்தப் பெருஞ்சுருளைக் காண்பது அரிதாகிவிட்டது. இம்மண்டலம் உயரும் நேர் தெற்கே நகரத்தின் விளக்கு வெள்ளம். மற்றப் பக்கங்களில் ஆலைகளின் ஒளியும் புகையும். தேசத்துக்கு மின்சாரமும் எண்ணெயும் உரமும் வாகனமும் கொடுக்கும்பொருட்டுத் தங்கள் காற்றையும் கழிமுகத்தையும் இழந்த மக்கள், தங்கள் ஆகாயத்தையும் இழந்திருக்கிறார்கள். இது சிறிய நஷ்டம் என்று எவரும் எண்ணலாகாது. வீதி விளக்குகளைக் கீழ்நோக்கி மூடி அமைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய்வருகிறவர்களுக்கு மட்டும், கரையின் ஒளி மறைந்த பிறகு, பழைய வானம் இன்னும் கிடைக்கிறது. நகரத்துக்கு வெளியே நல்ல இருட்டில், 20 சென்டிமீட்டர் ஆடியுள்ள ஒரு தொலைநோக்கி இருந்தால், பட்டையையும் அதன் முனைகளில் மடங்கும் கரங்களையும் மங்கலாகவேனும் நம் கண்ணாலேயே கண்டுவிடலாம்.

இத்தனை தொலைவிலுள்ள ஒன்றை இவ்வளவு ஊன்றி ஆராய்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. நம்முடைய பால்வெளியும் பட்டையுள்ள சுருள் மண்டலமே. நாம் அதன் உள்ளே, தூசிக்கு நடுவில் இருப்பதால், அதை வெளியிலிருந்து பார்க்க நமக்கு வழியில்லை. 2005-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அகச்சிவப்பில் நட்சத்திரங்களை எண்ணியபோதுதான், சுமார் 27,000 ஒளி ஆண்டு நீளமுள்ள நம் பட்டை ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. ஆனி மாதத்து நள்ளிரவில் எண்ணூரில் நின்று தெற்கே தனுசு ராசியை நோக்கினால், நாம் பார்ப்பது அந்தப் பட்டை கிடக்கும் திசையையே. அங்கும் பட்டையின் வழியாக வாயு உள்ளே இறங்குகிறது. அங்கும் மையத்தருகே வளையமாகத் தேங்குகிறது. அதன் நடுவில் சுமார் 40 லட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. ஆனால் அத்தனை வாயு குவிந்திருந்தும், அங்கே நட்சத்திரங்கள் பிறப்பது, வாயுவின் அளவை வைத்து எதிர்பார்க்கக்கூடிய வேகத்தைவிட மிகவும் குறைவாக இருக்கிறது. என்.ஜி.சி. 1365-இல் மும்முரமாக நடக்கும் ஒன்று நம் வீட்டில் ஏன் மந்தமாக நடக்கிறது, இது பட்டை கொண்டுவரும் வாயு விட்டுவிட்டு வந்து சேர்வதால் நேரும் இடைக்காலத் தேக்கமா, அல்லது மையத்து வாயுவின் கொந்தளிப்பு நட்சத்திரங்களைத் திரளவிடாமல் தடுக்கிறதா என்று இன்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.